காசிமேட்டு ஃபைபர் பட்டறையின் ராட்சதப் பறவை செட்: முட்டையை வாங்கலாம், பலகையை நம்ப வேண்டாம்

காசிமேடு பக்கம் படகுக்கு ஃபைபர் ஒட்டும் பட்டறைகளில் ஒன்று, படகு வேலை குறையும் மாதங்களில் பள்ளிக் கண்காட்சிக்கும் கொலுவுக்கும் மாதிரி உருவங்கள் வார்த்துத் தருகிறது. பூங்கா சறுக்குமரம், கோயில் வாகனம் எல்லாம் ஏற்கெனவே செய்து பழகிய கைகள். இப்போது அழிந்துபோன பறவைகளை வைத்து ‘ராட்சதப் பறவைகள்’ என்று ஒரு செட் போட்டிருக்கிறார்கள். அதில் மடகாஸ்கர் யானைப்பறவையின் முட்டை, நியூசிலாந்தின் பறக்காத மோவாப் பறவையின் முழுக் கால் எலும்பு, அந்த மோவாவைத் தின்ற ஹாஸ்ட் கழுகின் பாதம், இவற்றைப் புராணக் கதைகளோடு முடிச்சுப் போடும் ஒரு ஃபிளெக்ஸ் பலகை என நான்கு உருப்படிகள். மொத்தமாக எடுத்தால் 15,000 ரூபாய். தனியாக என்றால் முட்டை 2,800, கால் 9,500, பாதம் 3,200, பலகை 1,500.

முட்டையும் பாதமும் கொடுக்கிற காசுக்கு மேலேயே பெறும். காலைத் திருத்தச் சொல்லித்தான் வாங்க வேண்டும். பலகையை அப்படியே மாட்டினால், படிக்கிற பிள்ளைகள் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொண்டு போவார்கள்.

முட்டை 31 செ.மீ. நீளம், குறுக்கே 23 செ.மீ. அருங்காட்சியகங்களில் இருக்கும் ஏபியோர்னிஸ் (யானைப்பறவையின் அறிவியல் பெயர்) முட்டைகள் 30 செ.மீ.யை ஒட்டியவை, பெரியவை 34 செ.மீ. வரை போகும். ஆகவே அளவில் குறை இல்லை. தையல்காரர் டேப்பை நீளவாக்கில் சுற்றினால் 85 செ.மீ., இடுப்பில் சுற்றினால் 72 செ.மீ. வர வேண்டும். இடுப்புச் சுற்று 70க்குக் கீழே வந்தால், அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் முன் விளிம்பைக் கண்டபடி தேய்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். உருவத்தையும் பார்க்க வேண்டும். கோழி முட்டை போல ஒரு முனை கூர்ந்து வரக் கூடாது. யானைப்பறவை முட்டைக்கு இரண்டு முனையும் ஏறத்தாழ ஒன்றுபோல் மழுங்கியிருக்கும். இதை இந்தப் பட்டறை சரியாகப் பிடித்திருக்கிறது. இணையத்தில் விற்கிற வெளியூர்ப் பொம்மைகளில் பல இந்த இடத்திலேயே கோட்டை விட்டவை. இந்த அளவுள்ள நிஜ முட்டையில் சுமார் 8 லிட்டர் பிடிக்கும். கோழி முட்டைக் கணக்கில் நூற்றைம்பதை நெருங்கும்.

குறை எடையில் இருக்கிறது. கையில் எடுத்ததும் ‘அட, காலி டப்பா’ என்று தோன்றிவிடும். வெளிப்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர், அதன் பின்னால் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு. மொத்தத் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர், எடை 750 கிராம் வாக்கில். நிஜ ஓடு 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன், அதுவும் சுண்ணாம்புக் கல்லின் அதே கால்சியம் கார்பனேட். இந்த அளவுக்குக் கணக்குப் போட்டால் வெறும் ஓடே 1.7 கிலோவுக்குப் பக்கம் வரும். வித்தியாசம் கைக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு வழி இருக்கிறது, கேட்டால் செய்து தருகிறார்கள். இரண்டு பாதிகளையும் ஒட்டும் முன், உள்பக்கம் ரெசினும் மார்பிள் பொடியும் எடைக்கு எடை கலந்து ஒரு பூச்சு. இரண்டு பாதிக்கும் சேர்த்து 900 கிராம் கலவை போதும். தடிமன் இன்னும் இரண்டரை மில்லிமீட்டர் கூடும், எடை சரியாகிவிடும். 300 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள், கொடுக்கலாம். பொடியை இதற்கு மேல் கூட்டினால் கலவை பிரஷ்ஷில் நகராது, காய்ந்தபின் தட்டினால் பொரிந்து விழும். ஒரே பூச்சாகவும் அடிக்கக் கூடாது. தடிமனாகப் போட்ட ரெசின் காயும்போது தானே சூடேறி ஜெல்கோட்டில் மயிரிழை விரிசல் விழும். இரண்டு பூச்சு, நடுவில் ஒரு மணி நேரம் விட்டு. மழைநாளில் சீக்கிரம் இறுகட்டும் என்று ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை 2 சதவீதத்துக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான். ஒன்றரை சதவீதம் என்று சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார், படகே தண்ணில கெடக்குது” என்றுதான் முதலில் பதில் வரும். படகுக்கு அது சரி. விரிசல் விழுந்த படகுக்கு மேலே பெயின்ட் அடித்துவிடலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற முட்டைக்கு முடியாது.

மேற்பரப்பில் பார்க்க வேண்டியது துளைகள். நிஜ ஓட்டில் மூச்சுத் துளைகள் குட்டிக் கீறல்களாகவும் நீள்குழிகளாகவும் தெரியும். இவர்கள் அச்சிலேயே அவற்றைக் கீறி வைத்திருப்பதால் ஒவ்வொரு வார்ப்பிலும் நன்றாக விழுகிறது. ஆனால் இவற்றுக்கு நடுவே வட்டமான ஊசித்துளைகள் இருந்தால் அது ஜெல்கோட்டில் சிக்கிய காற்று. ஈர விரலில் கொஞ்சம் கரித்தூள் தொட்டுத் தேய்த்தால் வட்டம் எது, கீறல் எது என்று உடனே தெரியும். பத்துக்கு மேல் வட்டத் துளை இருந்தால் பட்டி பார்த்து, 400 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தரச் சொல்லலாம். அதற்கு மேல் தேய்த்தால் கீறல்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

பெயின்ட் விஷயத்தில் அவர்கள் கையைக் கட்டிப்போட வேண்டும். விட்டால் பளபளவென்று கார் பெயின்ட் வெள்ளை அடித்துவிடுவார்கள். வேண்டியது மங்கலான தந்த நிறம், லேசாக மஞ்சள் ஓடியது, பளபளப்பு இல்லாதது. விரிசல் கோடு போட்ட இன்னொரு வகையும் உண்டு. அதைத் தயங்காமல் எடுக்கலாம், ஏனென்றால் அருங்காட்சியக முட்டைகளில் பல, மடகாஸ்கரின் தென்பகுதி மணலில் இன்றைக்கும் சிதறிக் கிடக்கும் ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டியவை. உடையாத முழு முட்டைக்கு வேறு விலை. 2013இல் லண்டனில் ஒன்று 66,675 பவுண்டுக்கு ஏலம் போனது.

ஹாஸ்ட் கழுகின் பாதம்தான் செட்டிலேயே ஆகச் சிறந்த வேலை. பொதுவாகக் கழுகுப் பாதம் செய்கிறவர்கள் நான்கு நகங்களையும் ஒரே நீளத்தில் வார்த்துவிடுவார்கள். இங்கே பின்விரல் நகம் பத்தரை செ.மீ., முன்நகங்கள் ஆறுக்குள். நிஜக் கழுகின் பின்நகம் 11 செ.மீ. வரை இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள்; முன்நகங்கள் 5, 6 செ.மீ. ஆக விகிதம் பிசகவில்லை. பெண் கழுகு 10 முதல் 15 கிலோ, இறக்கை விரிப்பு 3 மீட்டருக்குள். இந்த எடைக்கு அது குட்டை இறக்கை. காட்டோரத்தில் சட்டென்று பாய்ந்து அடிக்கிற பறவைக்கு அதுவே தோது. மோவாக்களின் இடுப்பெலும்பில் இந்த நகங்கள் குத்திய ஓட்டைகள் கிடைத்திருக்கின்றன. 2005இல் வந்த மரபணு ஆய்வின்படி இதன் நெருங்கிய உறவுகள் ஆஸ்திரேலியாவின் லிட்டில் ஈகிளும், குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கும் வலசை வருகிற பூட்டட் ஈகிளும்தான். இரண்டுமே ஒரு கிலோ வாக்கில் நிற்கிற சின்னக் கழுகுகள். பலகையில் போட வேண்டிய செய்தி இதுதான், அதை விட்டுவிட்டார்கள்.

பாதத்தில் பலவீனம் நகம் விரலோடு சேரும் இடம். நகங்கள் திட ரெசின், உள்ளே 3 மில்லிமீட்டர் கம்பி. கம்பி விரலுக்குள் குறைந்தது 4 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். நகத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் தொடுகிற இடத்தில் முதலில் போவது பின்நகம்தான். கூடவே ஒரு ரிப்பேர் பொட்டலமும் தருகிறார்கள்: 100 கிராம் ரெசின், ஒரு சின்ன பாட்டில் ஹார்டனர், ஒரு துண்டு மேட். அந்த ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் முன்கூட்டியே கலந்திருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். தனியாகத் தந்தால் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் ரெசினில் ஆக்சிலரேட்டர், நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர். பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிறவர்கள் இந்தப் பொட்டலத்தை வேண்டாம் என்றே சொல்லிவிடலாம்.

மோவா கால் பார்வைக்கு மிரட்டும், 1.85 மீட்டர் உயரம். தனித்தனி எலும்புகள் மோசமில்லை. பெரிய பெண் மோவாவின் கீழ்க்கால் எலும்பு மட்டுமே ஒரு மீட்டரை நெருங்கும், அது அப்படியே இருக்கிறது. மூட்டுகளை நிறுத்திய விதம் தப்பு. தொடை எலும்பு, கீழ்க்கால், பாத எலும்பு மூன்றையும் மின்கம்பம் போல நேராக அடுக்கியிருக்கிறார்கள். எந்தப் பறவைக்கும் தொடை எலும்பு உடம்பை ஒட்டி முன்னோக்கிச் சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும். வெளியே தெரிகிற, பின்னால் மடங்கும் மூட்டு முழங்கால் இல்லை, கணுக்கால். இதைத் திருத்தினால் உயரம் ஒரு அடிக்கு மேல் குறைந்துவிடும் என்பதால் பட்டறைக்கு மனசில்லை. மூட்டில் போட்டிருப்பது போல்ட்டும் தகடும்தான், புதிதாக வார்க்க வேண்டியதில்லை. தகட்டை வளைத்து, துளை மாற்றினால் அரை நாள் வேலை. அடிப்பலகை 45 செ.மீ. சதுரம், அதுவும் போதாது. சாய்த்து நிறுத்தினால் பாரம் முன்னால் போகும், 60 செ.மீ. பிளைவுட்டும் அடியில் இரும்புப் பட்டையும் கேட்க வேண்டும்.

இதே உயரப் பித்து பலகையிலும் உண்டு. “மோவா, 12 அடி” என்று கொட்டை எழுத்தில். கழுத்தை முழுக்க மேலே நீட்டினால் 3.6 மீட்டர் வரும், உண்மைதான். மோவா நடமாடும்போது கழுத்தை வளைத்தே வைத்திருக்கும். முதுகு உயரம் 2 மீட்டருக்குப் பக்கம். அந்தக் காலத்து அருங்காட்சியகங்கள் கழுத்தைத் தூக்கி நிறுத்திய பழக்கம் இன்னும் விடவில்லை. படத்தில் குட்டி இறக்கை வேறு வரைந்திருக்கிறார்கள். மோவாவுக்கு இறக்கை எலும்பின் மிச்சம்கூடக் கிடையாது. 9,500 ரூபாய் கொடுத்து முழுக் கால் வாங்குவதைவிட, 1839இல் ரிச்சர்ட் ஓவன் என்கிற உடற்கூறு அறிஞர் கையில் கிடைத்த 15 செ.மீ. தொடை எலும்புத் துண்டை மட்டும் வார்த்து, ஆயிரம் ரூபாய்க்கு விற்றிருந்தால் வரிசையில் நின்று வாங்குவார்கள். அந்த ஒரு துண்டை வைத்தே நியூசிலாந்தில் நெருப்புக்கோழிக்கு நிகரான பெரிய பறவை இருந்தது என்று அவர் சொன்னார். முழு எலும்புகள் பிறகே வந்து சேர்ந்தன.

இனி பலகை. நான்கு அடிக்கு மூன்று அடி, அச்சு சுத்தம், எழுத்துப் பிழையும் அதிகம் இல்லை. ஆனால் நான்கு புராணப் பறவைகளுக்கு நான்கு அழிந்த பறவைகளை எதிரெதிரே போட்டு நடுவில் சமக்குறி இட்டிருக்கிறார்கள். நான்கு சமக்குறியும் ஒரே பலம் கொண்டவை அல்ல, இரண்டு நிற்கவே நிற்காது.

பலமானது ஹாஸ்ட் கழுகு. மாவோரி மக்களின் வாய்மொழிக் கதைகளில் மனிதரைத் தூக்கும் போவாகாய் என்ற பறவை வருகிறது, ஹோக்கியோய் என்ற பெரும்பறவையும் வருகிறது. மாவோரிகள் நியூசிலாந்தில் கால் வைத்தது 13ஆம் நூற்றாண்டில். அப்போது கழுகும் இருந்தது, அது தின்ற மோவாவும் இருந்தது. அடுத்த ஒன்றிரண்டு நூற்றாண்டுக்குள் மோவாவை வேட்டையாடித் தீர்த்தார்கள், இரை போனதும் கழுகும் போனது. பார்த்தவர்களே கதை சொன்னார்கள் என்பதற்கு இங்கே காலமும் இடமும் ஒத்துவருகின்றன. அது பிணந்தின்னியா வேட்டைக்காரனா என்ற சந்தேகத்துக்கும் 2009இல் மண்டையோட்டை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு வேட்டைக்காரன் பக்கம் பேசியது.

யானைப்பறவைக்கும் அரபுக் கதைகளில் வரும் ரக் என்ற ராட்சதப் பறவைக்கும் போட்ட சமக்குறி பாதிதான் சரி. சிந்துபாத் கதையில் ரக்கின் முட்டை மாடக் கூரை போல எழுந்து நிற்கிறது. மார்க்கோ போலோ, யானையைத் தூக்கிப் போய் மேலேயிருந்து போட்டு உடைத்துத் தின்னும் ரக்கை மடகாஸ்கர் பக்கம் வைக்கிறார். மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானுக்கு அதன் இறகு ஒன்று போய்ச் சேர்ந்ததாகவும் எழுதுகிறார். அந்த ‘இறகு’ ரஃபியா பனையின் ஓலையாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. மடகாஸ்கர் கரைக்கு வந்துபோன அரபு வணிகர்கள் அந்த முட்டை ஓடுகளைப் பார்த்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முட்டைக்கு இது விளக்கம் ஆகிறது, தூக்குவதற்கு ஆகவில்லை. யானைப்பறவை பறக்காது, எடை அரை டன்னைத் தாண்டும், இலை தழை தின்கிற பிராணி. மார்க்கோ போலோ சொல்லும் பறவையோ கழுகு ஜாதி. மடகாஸ்கரில் பெரிய கழுகு ஒன்றும் வாழ்ந்து அழிந்திருக்கிறது, அதைப் பலகை கண்டுகொள்ளவே இல்லை. மரபணுப்படி யானைப்பறவைக்கு மிக நெருங்கிய சொந்தம் கோழி அளவே உள்ள கிவி என்பது 2014இல் தெரியவந்தது. அதற்கும் பலகையில் இடமில்லை. அந்தப் பறவையைப் பற்றி ஐரோப்பியர் எழுத்தில் முக்கியமான குறிப்பு 1658இல் ஃப்ளாக்கூர் என்ற பிரெஞ்சு ஆளுநர் எழுதியது. தீவின் தெற்கே, ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில், நெருப்புக்கோழி போல முட்டையிடும் பெரிய பறவை என்கிறார். தூக்குகிற பேச்சே இல்லை.

மூன்றாவது, கருடனுக்கு எதிரே அர்ஜென்டாவிஸ். இதைக் கிழித்துப் போடலாம். அர்ஜென்டாவிஸ் 70 கிலோ எடை, 6, 7 மீட்டர் இறக்கை விரிப்பு கொண்ட பிரமாண்டமான பறவைதான். ஆனால் வாழ்ந்தது அர்ஜென்டினாவில், சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அதைப் பார்த்துக் கதை கட்ட அப்போது மனித இனமே இல்லை. கருடனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையும் இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே நாள் முழுக்க வட்டமிடுகிற செம்பருந்தைத்தான் இங்கே கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அரை கிலோ எடை. மகாபாரதத்துக் கருடன் ஒரு காலில் யானையும் மறு காலில் ஆமையுமாகப் பறக்கிறான், அலகில் வாலகில்ய முனிவர்கள் தொங்கும் ஆலமரக் கிளை வேறு. இதற்கெல்லாம் எலும்பு தேடினால் கிடைக்காது.

நான்காவது அண்டபேரண்டம், அதற்கு எதிரே ஏதோ தென்னமெரிக்க ‘பயங்கரப் பறவை’ (பறக்காத, அழிந்துபோன வேட்டைப் பறவை). இரண்டு தலைப் பறவைக்கு முன்மாதிரி தேடுவதே வீண். அண்டபேரண்டம் அரசச் சின்னம். விஜயநகர அச்சுதராயர் காசுகளில் அலகிலும் காலிலும் யானைகளைத் தூக்கி நிற்கிறது, இன்றைக்கு கர்நாடக அரசின் முத்திரையில் இருக்கிறது. வலிமைக்கு அடையாளமாக யானையை எடுக்கிற பறவையை வரைந்தார்கள், அவ்வளவுதான்.

பலகை வேண்டுமென்றால் ஃபிளெக்ஸ் கோப்பை வாங்கி, சமக்குறிகளை எடுத்துவிட்டு, கருடனும் அண்டபேரண்டமும் இருக்கும் கீழ்ப்பாதியை நீக்கிவிட்டு மண்ணடியிலோ பாரிமுனையிலோ தனியே அடித்துக்கொள்வது உத்தமம். காலியான இடத்தில் போட நம் பக்கத்துச் செய்தியே இருக்கிறது. நெல்லூர் தாண்டி ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் 41,000 ஆண்டு பழைய நெருப்புக்கோழிக் கூடு கிடைத்ததாக 2024இல் செய்தி வந்தது. மகாராஷ்டிரத்தின் பட்னேயில் நெருப்புக்கோழி ஓட்டில் செய்த மணிகள் அகழ்வில் கிடைத்தவை. இந்தியாவில் மனிதரோடு ஒரே காலத்தில் நடமாடிய ராட்சதப் பறவை அதுதான், அது செட்டிலேயே இல்லை. 15 செ.மீ. நெருப்புக்கோழி முட்டை ஒன்றை வார்ப்பது இவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. கேட்டால் 700 ரூபாய் சொல்கிறார்கள். யானைப்பறவை முட்டைக்குப் பக்கத்தில் அதையும் ஒரு கோழி முட்டையையும் வைத்தால்தான் அளவு கண்ணில் உறைக்கும்.

சேவை பரவாயில்லை. பாதித் தொகை முன்பணம், ஜிபே எடுத்துக்கொள்கிறார்கள், பில் கேட்டால்தான் வரும். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தள்ளிப் போகும். சந்து குறுகல், குட்டி யானை வண்டி உள்ளே நுழையாது. கால் எலும்பை மெயின் ரோடு வரை மீன்பாடி வண்டியில்தான் கொண்டு வருகிறார்கள், அந்தக் கூலி தனி. பழைய வலையில் சுற்றி அனுப்புகிறார்கள். அது அடி தாங்கும், ஆனால் மீன் வாடை ஒட்டிக்கொள்ளும். சொன்னால் தெர்மாகோல் போடுகிறார்கள். ரெசின் வாடை தனி. வார்த்து ஒரு வாரமாவது வெயிலில் கிடந்த உருப்படியாகக் கேட்டு வாங்க வேண்டும், மூடிய அறையில் புதிதாக வைத்தால் தலைவலி நிச்சயம். கைப்பட்டால் பிசுக்கென்று ஒட்டுகிற மேற்பரப்பு சரியாக இறுகாதது. அது காயும் என்று சொன்னாலும் எடுக்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். படகெல்லாம் கரையேறி ஃபைபர் வேலை குவிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் காற்றில் மேட் ஈரம் இழுத்து, வார்ப்பு உள்ளே வெளுத்துப் போகும். கொலுவுக்கு வேண்டும் என்றால் ஆடியிலேயே சொல்லிவிட வேண்டும். பிப்ரவரி 28 அறிவியல் நாளுக்கு என்றால் பொங்கல் முடிந்த கையோடு. அந்தச் சமயத்தில் வெயிலும் அடிக்கும், எடை கூட்டிய முட்டையை நிதானமாக இரண்டு பூச்சில் செய்து தர அவர்களுக்கும் நேரம் இருக்கும்.